70 ரூபாய்ச் சாப்பாடு: ஒரு முன்னாள் சத்துணவு அமைப்பாளரின் மதிப்பீடு

நாமக்கல் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பேத்தியின் தனியார் பள்ளியில் இந்த ஆண்டு கேன்டீன் சாப்பாடு தொடங்கியிருக்கிறார்கள். வேளைக்கு 70 ரூபாய். மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டலாமா, வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் டப்பாவே போதுமா என்று எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். பெற்றோரைச் சாப்பிட்டுப் பார்க்க அழைத்தபோது மகளுக்கு அலுவலகம், நான் போனேன்.

சாம்பாரில் குறை சொல்ல இடமில்லை. பருப்பு குழைய வெந்து, சாதத்தோடு சேர்ந்து வருகிறது. ரசம் அன்று வைத்ததுதான். தயிரில் புளிப்பில்லை. பரிமாறுகிற பெண்கள் தலையில் துணி கட்டியிருக்கிறார்கள், கேட்ட பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் மறுபடி போடுகிறார்கள். எல்லாவற்றையும் விட, சாதம் ஆவி பறக்க வருகிறது.

பொரியலுக்கு வந்தபோதுதான் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய் என்பது அரசாங்கக் கணக்கு. 450 கலோரியும் 12 கிராம் புரதமும் அதில் வந்தாக வேண்டும். வருடக்கணக்காக எடை போட்டுக் கொடுத்த கை. தட்டைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். என் தட்டில் விழுந்த பீன்ஸ் பொரியல் அந்த 50 கிராமில் பாதிகூடத் தேறாது. அதிலும் தேங்காய்த் துருவலைத் தள்ளிவிட்டுத்தான் பீன்ஸைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது முட்டை. சைவ வளாகம் என்பதால் இங்கே முட்டை கிடையாது. வீட்டிலிருந்தும் கொண்டுவரக் கூடாது. அது அவர்கள் விருப்பம், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் முட்டை போனால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டாமா? சத்துணவில் பள்ளி நடக்கும் எல்லா நாளும் முட்டை உண்டு. தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு வேகவைப்போம். சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ சேரும். இங்கே புதன்கிழமைப் பட்டியலில் பன்னீர்க் குருமா என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். எத்தனை பன்னீர் கிடைத்தது என்று பேத்தியைக் கேட்டால், “இரண்டு துண்டு அம்மாயி, ஒன்று உடைந்தது” என்கிறாள். சுண்டல் என்ற பேச்சே இல்லை. ஒரு கிலோ கொண்டைக்கடலை என்ன விலை என்று இவர்களுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமையைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. நூடுல்ஸ் அல்லது ஃபிரைடு ரைஸ், பக்கத்தில் சிப்ஸ், மேலே சிவப்பு சாஸ். அன்று பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள், உப்பு அப்படி. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு கடை வேறு: பப்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டுவிட்டது. அலுவலகத்தில் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறேன்.

டப்பாதான் உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளி வேனுக்கு ஏற்றிவிடும்போது எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளின் பைகளில் என்ன போகிறது என்று பார்க்கிறேன். ஜாம் தடவிய ரொட்டி, சர்க்கரை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, எலுமிச்சை சாதத்துக்குத் துணையாக அதே சிப்ஸ். வீட்டு அடுப்பில் வெந்தால் மட்டும் சத்து வந்துவிடாது. காலை ஆறரைக்கு மூடிய டப்பா பகல் பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. சப்பாத்தி தோலாகிவிடும், தேங்காய்ச் சட்னி ஊசிவிடும். சாப்பாட்டு நேரமோ இருபது நிமிடம்; அதற்குள் மென்று முடியாத பிள்ளை பாதியைத் திருப்பிக் கொண்டுவரும்.

என் மகள் டப்பாவில் கட்டுவதில் மதியம் வரை கெடாமல் நிற்பவை சில. தயிர் சாதம்: சாதத்தைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியம் பதமாக உறைந்திருக்கும். அதற்குள் துருவிய கேரட்டைக் கலந்துவிட்டால் ஒதுக்கவும் முடியாது. நல்லெண்ணெயில் புரட்டிய பொடி இட்லி. சின்னக் கிண்ணத்தில் தாளித்த பாசிப்பயறு. முட்டையை மாலையில் வீட்டில் கொடுத்துவிடுகிறோம்.

ஆக, திங்களும் வியாழனும் கேன்டீன் சாம்பாரும் ரசமும் சாப்பிடட்டும். சூட்டுக்காகவே அது டப்பாவை வெல்லும். சுண்டல் கிண்ணத்தை மட்டும் கூட அனுப்புங்கள். மற்ற நாள்களில், காலையில் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் டப்பாதான். முடியாதவர்கள் கேன்டீனுக்கே பணம் கட்டலாம், குடி முழுகிவிடாது. காயைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன்.

கிழமைக் கணக்கில் டோக்கன் கொடுங்கள் என்றால் மாதக் கணக்குதான் என்று நிர்வாகம் பிடிவாதமாக இருக்கிறது. இருக்கட்டும். பணம் கட்டியாயிற்று என்பதற்காக வெள்ளிக்கிழமை அந்த நூடுல்ஸைத் தின்ன விடப் போவதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து டப்பா போகும்.