டாவின்சி ரிசால்வ்: ஃப்ரேம் ரேட்டும் டைம்கோடும் புழங்கிப் பார்த்த அனுபவம்

கலர் நன்றாக வரும் என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். கல்யாண வீடியோக்களைப் பல வருடமாக இதிலேயே எடிட் செய்கிறேன். இன்றைக்குப் புதிதாக ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், முதலில் புராஜெக்ட் செட்டிங்ஸைத் திறந்து 'டைம்லைன் ஃப்ரேம் ரேட்' (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம்) என்ற ஒரே ஒரு வரியைக் காட்டுவேன். கலரெல்லாம் அப்புறம்.

புது புராஜெக்ட்டில் அந்த இடத்தில் 24 என்று இருக்கும். மீடியா பூலில் (கிளிப்களைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம்) கிளிப்களும், டைம்லைனும் (அவற்றை வரிசையாக அடுக்கும் இடம்) வந்துவிட்டால் அந்த எண் பூட்டிக்கொள்ளும். வேறு ஃப்ரேம் ரேட் உள்ள கிளிப்பை முதலில் இழுத்துப் போட்டால் 'மாற்றட்டுமா?' என்று ரிசால்வ் கேட்கும். அவசரத்தில் எதையாவது அழுத்தாமல், அந்தக் கேள்வியை நின்று படிக்க வேண்டும். புதிய டைம்லைன் உருவாக்கும்போது 'யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு அந்த டைம்லைனுக்கு மட்டும் வேறு ரேட் கொடுக்கலாம் என்பது நல்ல வசதி. ஆனாலும் முதல் எண்ணைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் 25 வைக்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்தின் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 25 ஃப்ரேமில் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. 1/60 வைத்து எடுத்த ஃபுட்டேஜில் பின்சுவரில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டிங்கில் முழுமையாக எடுப்பது பெரும்பாடு.

ஒரே வேலைக்கு வரும் கேமராக்களில் ஒன்று 25, ஒன்று 50, ட்ரோன் 30 அல்லது 60 என்று கலந்து வருவது சகஜம். 50-இல் எடுத்ததை 25 டைம்லைனில் போட்டால் ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும். ஓட்டம் சீராக இருக்கும். 60-ஐப் போட்டால் கணக்கு இடிக்கும். ஒரு முறை இரண்டு ஃப்ரேம், அடுத்த முறை மூன்று ஃப்ரேம் என்று மாறி மாறித் தாண்டும். கோபுரத்தைச் சுற்றி வரும் ட்ரோன் ஷாட்டில் இது கண்ணுக்கு நன்றாகவே தெரியும், படம் லேசாக உதறிக்கொண்டே போகும். அந்த மாதிரி ஷாட்டைக் கிளிப் அட்ரிபியூட்ஸில் 25 என்று மாற்றி ஸ்லோமோஷனாக ஓட விடுவது என் வழக்கம். எல்லா ஃப்ரேமும் அப்படியே கிடைக்கும், உதறல் போய்விடும். பேச்சு, பாட்டு உள்ள கிளிப்பில் இதைச் செய்யக் கூடாது. சத்தம் ஒத்து வராது.

அடுத்து டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இருக்கும் எண். மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் என்று நான்கு பகுதி. பார்க்கக் கடிகாரம் மாதிரி இருந்தாலும் அது ஃப்ரேம்களை எண்ணுகிறது, நேரத்தை அளப்பதில்லை. 25-இல் இரண்டும் ஒன்றாகவே போவதால் வித்தியாசம் தெரியாது. 23.976, 29.97 என்று போனால்தான் விலகும். அமெரிக்காவில் 1953-இல் கலர் டிவி வந்தபோது, கலர் சிக்னலும் சத்தத்தின் சிக்னலும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க 30-ஐ 0.1 சதவீதம் குறைத்தார்கள். அதன் மிச்சம்தான் இந்த எண்கள். 29.97-இல் சாதாரணமாக எண்ணினால், டைம்கோடு ஒரு மணி நேரம் காட்டும்போது உண்மையில் ஒரு மணி நேரமும் 3.6 நொடியும் ஓடியிருக்கும்.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் டிராப் ஃப்ரேம். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களை விட்டுவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விடுவதில்லை. மணிக்கு 108 எண்கள் குறையும், கணக்கு நேராகும். படத்தில் ஒரு ஃப்ரேமும் போகாது. தெருவில் எந்த வீட்டையும் இடிக்காமல் கதவு எண்ணில் மட்டும் இரண்டைத் தாண்டிப் போடுவது போலத்தான். பெயரைப் பார்த்துப் பயந்து இந்த டிக்கைத் தொடாதவர்கள் நிறைய பேர். 25-இல் வேலை செய்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

கரெக்‌ஷன் வரும்போது டைம்கோடு எவ்வளவு உதவுகிறது என்று புரியும். ரிசால்வ் டைம்லைன் 01:00:00:00-இல் தொடங்கும். வாடிக்கையாளர் '12 நிமிஷம் 40 செகண்டில் மாமா முகம் வேண்டாம்' என்று வாய்ஸ் நோட் அனுப்பினால், 01:12:40:00 என்று அடித்து என்டர் தட்டினால் போதும், நேராக அங்கே நிற்கும். +10 என்று அடித்தால் பத்து ஃப்ரேம் முன்னால் போகும். இந்த வேகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பார்வைக்கு அனுப்பும் காப்பியில் டேட்டா பர்ன்-இன் மூலம் டைம்கோடைப் படத்திலேயே பதித்து அனுப்புகிறேன். 'அந்தப் பாட்டுக்கு அப்புறம் வருமே, அங்கே' என்கிற பேச்சு அதோடு குறைந்துவிட்டது.

மல்ட்டிகேமுக்கு (பல கேமரா கிளிப்களைச் சேர்த்து எடிட் செய்வது) ரிசால்வ் டைம்கோடை வைத்தும் சிங்க் செய்யும், அதாவது கிளிப்களை ஒரே நேரத்துக்குப் பொருத்தும், சத்தத்தின் அலையை வைத்தும் செய்யும். கேமராக்களில் டைம்கோடை ஃப்ரீ ரன்னில் (ரெக்கார்ட் செய்யாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும் முறை) வைத்து, காலையில் ஒரே நேரத்துக்குச் செட் செய்துவிட்டால், கிளிப்கள் ஏறக்குறைய தங்கள் இடத்தில் வந்து உட்காரும். நாள் முழுக்க ஓடினால் சில ஃப்ரேம் விலகலாம். மதியம் ஒரு முறை மறுபடி செட் செய்வது நல்லது. சத்தத்தை வைத்துச் செய்வது சுலபம், ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லா மைக்கிலும் அலை உச்சியில் போய் முட்டி நிற்பதால் சில நேரம் தடுமாறும். தூரமும் ஒரு கணக்கு. சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மணமேடையிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்குத் தவில் அடி சுமார் 40 மில்லிசெகண்ட் பிந்தித்தான் கேட்கும், 25-இல் அது ஏறக்குறைய ஒரு ஃப்ரேம். அதனால் சிங்க் ஆன பிறகும், தவில்காரர் கை விழும் ஃப்ரேமைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

ஃபோன் வீடியோதான் இன்னும் தொல்லை. பல ஃபோன்கள் ஒரே ரேட்டில் எடுப்பதில்லை; வெளிச்சம் குறைந்தால் ரேட்டும் குறையும். நீளமான கிளிப்பில் வாயசைவும் பேச்சும் போகப் போக விலகும். மீடியாஇன்ஃபோ என்ற, வீடியோவின் விவரம் காட்டும் மென்பொருளில் திறந்து ஃப்ரேம் ரேட் மோடு 'வேரியபிள்' (மாறுவது) என்று இருந்தால், ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோவை மாற்றித் தரும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) தேர்ந்து மாற்றிவிட்டுத்தான் ரிசால்வுக்குள் கொண்டுவருகிறேன். அரை மணி நேர மேடைப் பேச்சு என்றால் இதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் அந்த வேலையைத் தள்ளிப் போட வழியில்லை.