முழுநேர ஆட்டக்காரரா, வேலையில் இருப்பவரா: சதுரங்க அணிக்கு யார்?

இரண்டு பின்னணியிலும் உச்சம் தொட்டவர்கள் உண்டு. 2024-இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளியை விட்டு ஆட்டத்துக்கே வந்தவர். 1935-இல் பட்டம் வென்ற மாக்ஸ் யூவே கணித ஆசிரியர்.

தயாரிப்பு
முழுநேரம்: எதிராளியின் பழைய ஆட்டங்களை நாள் முழுக்கக் கணினியில் அலசலாம்.
வேலை: இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான். அதனால் சிசிலியன் என்ற ஆட்டத் தொடக்க முறையின் கூர்மையான கிளைகளைத் தவிர்ப்பார்கள். அங்கே ஒரு நகர்த்தல் மறந்தாலும் ஆட்டம் போச்சு. லண்டன் முறை போன்ற ஒரு தொடக்கத்தை ஆழமாகப் பிடித்துக்கொள்வது நல்ல தேர்வு என்பேன்.

வருமானம்
முழுநேரம்: பரிசு, பயிற்சி வகுப்பு, லீக் ஊதியம். தோல்விகள் தொடர்ந்தால் கையைக் கடிக்கும்.
வேலை: சம்பளம் நிச்சயம், லீவுதான் பிரச்சினை.

பட்டம்
கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 தரப் புள்ளிகளோடு, மொத்தம் 27 ஆட்டங்களாவது கொண்ட நார்ம்களும் (பட்டத்துக்குத் தகுதி தரும் போட்டி முடிவுகள்) வேண்டும். ஒன்பது சுற்றுப் போட்டிகளுக்கு அடிக்கடி போக முழுநேரக்காரருக்கே தோது.

முதல் இரண்டு பலகைகளுக்கு (எதிரணியின் வலுவானவர்கள் உட்காரும் இடங்கள்) முழுநேரக்காரரைப் போடுங்கள். கீழ்ப் பலகைகளுக்கு வேலையில் இருப்பவர் தாராளமாகப் போதும். வருஷக்கணக்கில் அணியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். லீவு தேதிகளை மட்டும் சீசன் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.