பதிமூன்றாவது வருடத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்

2013 தீபாவளிக்கு வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இது. இன்டெல் கோர் ஐ3-3220 பிராசசர், எச்61 மதர்போர்டு, ஒரே ஒரு 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. அப்பா தஞ்சாவூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கே வந்து மனு அடித்து வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் வாங்கினோம். அப்புறம் அக்கா மகனின் பள்ளிப் பாடம், தங்கையின் டிஎன்பிஎஸ்சி வினாத்தாள்கள், ராத்திரி அம்மா கேட்கும் பழைய பாட்டு என்று எல்லாமே அந்த ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தது.

2022 தொடக்கத்தில் அதன் நிலைமை மோசம். ஒரு நாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதிலிருந்து மவுஸ் சொன்னபடி கேட்க 3 நிமிடம் 40 விநாடி ஆனது. அதற்குப் பிறகு வேர்டு திறக்க இன்னொரு நிமிடம். மனு அடிக்க வந்தவர் திண்ணையில் காத்திருக்க, அப்பா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலையில் வேகம்தான் அவர் பெருமை. அதைப் பறித்தது மாதிரி இருந்தது எனக்கு.

கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "இது ரொம்பப் பழசு சார், இனிமே இதுக்கு எதுவும் கிடைக்காது. இருபத்தெட்டாயிரத்துல புதுசா போட்டுத் தர்றேன்" என்றார்கள். எங்களிடம் இருந்தது ஐயாயிரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விண்டோஸ் 7-இல் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்தேன். பிராசசர் பெரும்பாலும் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் 4 ஜிபியில் 3.4 நிரம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றது. ராமில் இடமில்லாததால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்கில் எழுதி எழுதித் திரும்ப எடுக்கிறது, ஏற்கெனவே திணறும் டிஸ்குக்கு அது இரட்டைச் சுமை. பிராசசர் சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. அதோடு தகவலைப் படிக்கும் முள் நகர்ந்து சரியான தடத்துக்குப் போகும் நேரமும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய நூறுதான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கில் வேண்டும். சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை, அதனால் அந்தக் காத்திருப்பே கிடையாது. "உங்க போர்டு சாட்டா 2, எஸ்எஸ்டி போட்டா பாதி வேகம் வீண்" என்று தெரிந்த ஒருவர் சொன்னார். அவர் சொன்ன கணக்கு சரிதான், சாட்டா என்பது டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் வழி, விநாடிக்கு 3 கிகாபிட்டுக்கு மேல் அந்தப் போர்டில் போகாது. ஆனால் பெரிய சினிமாக் கோப்பை ஒரே மூச்சில் நகல் எடுக்கும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். தினசரி வேலையில் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லை.

2022 மே மாதம் வாங்கியவை: குருஷியல் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி 240 ஜிபி 1,900 ரூபாய், பழைய 4 ஜிபி டிடிஆர்3 ராம் 700, பிராசசர் சூட்டை அலுமினியத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 150, சாட்டா கேபிள் 60, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும் சிமாஸ் பேட்டரி 30, யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி 850. மொத்தம் 3,690. ராமை மட்டும் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் ரிச்சி தெருவில் வாங்கி அனுப்பினான். அங்கே பழைய ராமுக்கு டெஸ்டிங் வாரண்டிதான், அதாவது போட்டு ஓடினால் சரி, பிறகு பேச்சில்லை. அதனால் வந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் நிம்மதி. பழைய ராம் வாங்குகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்றும் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் உள்ள வெட்டு இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாறி வாங்கினால் உள்ளே இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை தாழ்வாரத்தில் பழைய வேட்டியை விரித்து, பெட்டியைப் படுக்க வைத்துத் திறந்தோம். பிராசசர் மேல் இருக்கும் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. விரலால் தொட்டதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று போக வழியே இல்லாமல் ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்தோம். இன்டெல் விசிறிக்கு நாலு மூலையிலும் அழுத்துப் பூட்டுகள். ஒவ்வொன்றையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். அடியில் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன்.

அடுத்தது ராமின் தங்க முலாம் பூசிய விளிம்பு. அதை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வது எல்லாக் கடைகளிலும் உள்ள வழக்கம். அப்பா உள்ளே போய், கடைக் காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்த டைப்பிங் ரப்பரை எடுத்து வந்தார். பென்சில் மாதிரி நீளமாக, ஒரு முனையில் சின்ன பிரஷ்ஷோடு இருக்கும், அதுதான். வாங்கிப் பார்த்தேன், மணல் சேர்த்த கெட்டி ரப்பர். தாளில் மையைச் சுரண்டுவதற்காகச் செய்தது, ராமில் தேய்த்தால் முலாமே போய்விடும்.

"இது வேணாம்ப்பா, அக்கா பையன் பென்சில் பாக்ஸ்ல இருக்கிற வெள்ளை ரப்பர் போதும்" என்றேன்.

"முப்பது வருஷம் இதாலதான்டா தப்பைத் திருத்தினேன்" என்று அதைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிமாஸ் பேட்டரி முப்பது ரூபாய்தான். ஆனால் அது தீர்ந்து போயிருந்ததால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பாதி இணையதளங்கள் திறக்காது. தங்கை இதை மாதக்கணக்கில் நெட் பிரச்சினை என்றே நினைத்திருந்தாள்.

டிவிடி டிரைவை யாரும் தொட்டு நாலு வருடமாகியிருந்தது. அதற்குப் போன பவர் இணைப்பைக் கழற்றி எஸ்எஸ்டிக்குக் கொடுத்தேன். பழைய ஹார்டு டிஸ்கை போட்டோக்களுக்காக அப்படியே விட்டேன். மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போனால் சாட்டா அமைப்பு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது, 2013-இல் அசெம்பிள் செய்தவர் அப்படியே விட்டிருக்கிறார். அதை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிட்டு விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினேன். பெட்டியில் ஒட்டியிருந்த விண்டோஸ் 7 சாவியை அப்போது அது ஏற்றுக்கொண்டது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்துவிட்டது.

மறுபடி செல்போனில் நேரம் பார்த்தேன். 24 விநாடி. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராக நின்றது. "என்னடா, அதுக்குள்ள வந்துடுச்சு?" என்று அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார்.

2023-இல் செய்த செலவைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. யூடியூபில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது, விசிறி இரைந்தது. பிராசசர்தான் போதவில்லை என்று நினைத்து, அதே போர்டில் பொருந்தும் பழைய ஐ5-3470 ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். இரண்டு கோர் இருந்த இடத்தில் நாலு. திக்குவது குறைந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. யூடியூப் வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. இந்தத் தலைமுறை இன்டெல் சில்லுக்குள் எச்.264 போன்ற பழைய முறைகளைப் பிரிக்கத்தான் தனிப் பகுதி உண்டு. விபி9 வந்தால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். பிரவுசரில் எச்264இஃபை என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால், யூடியூப் எச்.264-ஐயே அனுப்பும். சேர்த்தேன். விசிறி அடங்கிவிட்டது. எங்கள் மானிட்டர் 1366-க்கு 768 அளவுதான், அதனால் படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆயிரத்தைந்நூறை வேறு எதற்காவது வைத்திருப்பேன். அக்கா மகனின் வீடியோ வகுப்பு நடக்கும்போது கூடவே நாலு பக்கம் திறந்திருந்தால் ஐ5 உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் பிராசசரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ3-க்கு 55 வாட், இந்த ஐ5-க்கு 77 வாட். சூடும் கொஞ்சம் கூடுகிறது.

2024 மே, அக்னி நட்சத்திரம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. முதல் நாள் ஒரு முறை, மூன்றாம் நாள் நாலு முறை. பின்பக்கம் மூக்கை வைத்தால் வார்னிஷ் கருகும் வாடை. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்க்கொண்டிருந்தது. மேலே 450 வாட் என்று ஒட்டியிருந்த, மிக லேசான, மலிவான சரக்கு அது. கூடுதல் வாட்டும் வெயிலும் சேர்ந்து முடித்துவிட்டது என்று நினைக்கிறேன். 1,750 ரூபாயில் கொஞ்சம் நல்லதாக மாற்றினேன். கையில் எடுத்தாலே கனம் வித்தியாசம் தெரிந்தது. எஸ்எம்பிஎஸ் வெடித்தால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய கம்ப்யூட்டரில் இதை நான் 2022-லேயே கவனித்திருக்க வேண்டும்.

அதே மாதம் இன்னொரு பயம். டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் பழைய ஹார்டு டிஸ்க் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. கெட்டுப்போன செக்டர்களின், அதாவது டிஸ்கின் சிறு கட்டங்களின், எண்ணிக்கை ஒரு வாரத்தில் 8-லிருந்து 40 ஆகியிருந்தது. அதில்தான் பாட்டியின் படங்களும் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்தவையும் இருந்தன. மொத்தம் 38 ஜிபி. அன்று ராத்திரியே எஸ்எஸ்டியில் ஒரு நகல், 450 ரூபாய்க்கு வாங்கிய 64 ஜிபி பென் டிரைவில் ஒரு நகல். பிறகு சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது அவன் லேப்டாப்பிலும் ஒன்று ஏற்றிக் கொடுத்தேன். ஏழு படங்கள் மட்டும் திறக்கவில்லை. அதில் ஒன்று பாட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். ஆல்பத்திலிருந்து திரும்ப ஸ்கேன் செய்யலாம் என்றால், அச்சுப் படம் ஈரம் பட்டு ஒட்டிப்போயிருந்தது. உங்கள் வீட்டில் பழைய டிஸ்கில் படங்கள் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக நகல் எடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியின் ஆயுள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்களுடையதில் மூன்றரை வருடத்தில் எழுதியது மொத்தம் 11 டிபி (டெராபைட், ஒன்று 1,000 ஜிபி). இந்த 240 ஜிபி மாடலுக்கு கம்பெனி சொல்லும் எழுதும் அளவு 80 டிபி. வீட்டு உபயோகத்துக்குக் கவலையே வேண்டாம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், எங்களுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் நிறுவுகிறவர்கள் உண்டு. வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் கம்ப்யூட்டரில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பில் போட்டேன். 2029 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், செலவு எதுவும் இல்லை. திறந்து சும்மா விட்டால் 1 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகவே ராம் எடுக்கிறது.

என் பயமெல்லாம் அப்பாவின் டைப்பிங்தான். அவர் கை பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் பழகியது, தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறைக்கு மாறச் சொல்ல எனக்கு உரிமையில்லை. லினக்ஸில் பிற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் உள்ளீட்டில் தமிழ்99-உம் இருக்கிறது, டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்து கொடுத்ததும் திரையைக்கூடப் பார்க்காமல் ஒரு பாரா அடித்துப் பார்த்து, "சரியா வருது" என்றார். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய மனுக்களுக்கு அந்த எழுத்துருக் கோப்பை நகல் எடுத்துப் போட்டால் போதுமாக இருந்தது, வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் திறந்தன. லீகல் சைஸ் தாளின் ஓரங்களை மட்டும் ஒருமுறை திருத்தி வைக்க வேண்டியிருந்தது. பிரிண்டர்தான் இரண்டு ராத்திரியைச் சாப்பிட்டது. எங்களுடையது பழைய லேசர், ஒவ்வொரு முறை போடும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கோப்பு அதற்குள் இறங்கினால்தான் அச்சடிக்கும். அந்தக் கோப்பு மின்ட்டோடு வராது, தனியாக இறக்கி நிறுவ வேண்டும். நிறுவியதிலிருந்து தொந்தரவு இல்லை.

ஆக மொத்தம் 7,390 ரூபாய், அதுவும் மூன்று வருடத்தில் பிரித்துப் பிரித்து. மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ, டிடிஆர்2 காலத்துக் கம்ப்யூட்டராக இருந்தாலோ, வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும் என்றாலோ நான் இந்தச் செலவைச் செய்யச் சொல்ல மாட்டேன். மனு, பாடம், பாட்டு, பில் கட்டுவது, இதற்கெல்லாம் இந்த ஐ5 இன்னும் தாராளம்.

இப்போதைக்கு யுபிஎஸ் பேட்டரி மட்டும் களைத்திருக்கிறது. போன வாரம் கரண்ட் போனபோது இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, அப்பா பாதி அடித்த மனுவை அவசரமாகச் சேமித்தார். அடுத்த சம்பளத்தில் அதை மாற்ற வேண்டும்.