கரகரப்பு கிடக்கட்டும், சுருதி சரியா இருக்கா? – நாக்ஸோஸ் போட்ட கருஸோ சீரிஸ்

மொதல்லயே சொல்லிடறேன், ஓபரால நான் பெரிய ஆள் எல்லாம் இல்ல, இத்தாலி பாஷைல ஒரு வார்த்தை தெரியாது. இத்தாலி ஓபரா பாடகர் என்ரிக்கோ கருஸோ பேர மட்டும் ரொம்ப வருஷமா கேள்விப்பட்டிருக்கேன், டெனர்னா (ஆம்பளக் குரல்ல மேல் ஸ்தாயி பாடறவர்) அவர்தான் அப்படின்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு ஒரு தடவ தள்ளுபடில கிடந்த ஒரு "பெஸ்ட் ஆஃப்" சீடி வாங்கினேன். எந்த கம்பெனின்னு எழுத வேணாம், அட்டைல தேதி கூட ஒழுங்கா இல்ல. போட்டா யாரோ சின்னப் பையன் பஸ்ஸ புடிக்க ஓடிக்கிட்டே பாடற மாதிரி இருந்துச்சு. இதுக்கா இவ்ளோ பேச்சுன்னு தூக்கி பரண்ல போட்டுட்டேன்.

தப்பு கருஸோ மேல இல்ல, அந்த சீடி மேலன்னு தெரிஞ்சது நாக்ஸோஸ்ங்கற ரெக்கார்ட் கம்பெனியோட ஹிஸ்டாரிக்கல் சீரிஸ் கேட்டப்புறம்தான். கருஸோவோட மொத்த ரெக்கார்டிங்கும் வருஷ வரிசைப்படி 12 வால்யூம். பழைய ரெக்கார்டுலேர்ந்து மாத்தி சுத்தம் பண்ணது வார்ட் மார்ஸ்டன்னு ஒரு அமெரிக்கர். இந்த ஃபீல்டுல அவர் பேர் தெரியாதவங்க கம்மி, பியானோவும் வாசிப்பாரு, பிறவிலேர்ந்தே கண் பார்வை கிடையாது. காதாலயே எல்லாம்.

மொதல் வால்யூம்ல இருந்து ஆரம்பிக்கிறேன், கதையே அங்கதான் இருக்கு. 1902 ஏப்ரல் 11, மிலான்ல கிராண்ட் ஹோட்டல். முந்தின வருஷம் ஜனவரில ஓபரா கம்போஸர் வெர்டி செத்துப்போனது அதே ஹோட்டல்லதான். லண்டன் கிராமபோன் கம்பெனியோட ஆளு ஃப்ரெட் கெய்ஸ்பர்க் அங்க ஒரு ரூம்ல மெஷினையும் பியானோவையும் வச்சு காத்துட்டிருக்காரு, கருஸோவுக்கு அப்ப 29 வயசு, 10 பாட்டு பாட 100 பவுண்ட் கேக்குறாரு. லண்டனுக்குத் தந்தி அடிச்சா, இது ரொம்ப ஓவர், ரெக்கார்ட் பண்ணக்கூடாதுன்னு பதில் வந்துச்சாம். கெய்ஸ்பர்க் தந்திய பாக்கெட்ல போட்டுட்டு வேலைய முடிச்சாருன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. கம்பெனி பேச்ச கேக்காத ஒரு ஊழியராலதான் நமக்கு இது கிடைச்சிருக்கு, ஹெச்ஆர்காரங்க கவனிக்க. அதே கெய்ஸ்பர்க் அதே 1902 கடைசில கல்கத்தாவுக்கு கப்பல் ஏறி வந்து நவம்பர்ல இந்துஸ்தானி பாடகி கௌஹர் ஜான ரெக்கார்ட் பண்ணாருங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், ஏப்ரல்ல கருஸோ, நவம்பர்ல கௌஹர் ஜான், என்ன வருஷம்யா அது.

அப்ப மைக்கே கிடையாது. ஒரு பெரிய தகரக் குழாய், அதோட ஒரு முனைக்கு நேரா நின்னு கத்தணும், அந்த சத்தம் இன்னொரு முனைல ஒரு மெல்லிசு தகட்ட அதிர வைக்கும், தகட்டுல மாட்டின ஊசி மெழுகுல கோடு கிழிக்கும், அவ்ளோதான் டெக்னாலஜி. கரண்ட் வச்சு ரெக்கார்ட் பண்றது 1925லதான் வருது, கருஸோ 1921 ஆகஸ்ட்லயே போய்ட்டாரு, அதனால அவர் மைக் முன்னாடி பாடின ஒரு ரெக்கார்ட் கூட உலகத்துல இல்ல. இந்தக் குழாய்ல அடி சத்தமும் ஏறாது, உச்சி சத்தமும் ஏறாது, நடுவுல இருக்கறது மட்டும் ஏறும். வயலின் சத்தம் பத்தாதுன்னு வயலினுக்கே ஒரு குழாய மாட்டி வாசிச்சாங்க, டபுள் பாஸுக்கு பதிலா டியூபா ஊதினாங்க. ஆனா டெனர் குரல் கரெக்டா அந்த நடுவுல வந்து உக்காந்துக்கும். கருஸோவால கிராமபோன் பொழைச்சுதா கிராமபோனால கருஸோ பெருசானாரான்னு கேட்டா ரெண்டுமேதான்னு சொல்வேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். இந்த சீரிஸோட பெரிய விஷயம் இரைச்சல எடுத்தது இல்ல, ஸ்பீடு. 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து) ரெக்கார்டுன்னு நாம பொதுவா சொல்றோமே, அந்தக் காலத்துல பாதிக்கு மேல 78ல ஓடவே இல்ல. 70 சொச்சம், 75, 76, 80ன்னு ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு கணக்கு, சிலது பாட்டு ஆரம்பத்துல ஒரு வேகம் முடிவுல ஒரு வேகம். கணக்கு போட்டுப் பாருங்க, 72ல எடுத்தத 78ல ஓட்டினா எட்டு சதவீதம் வேகம் கூடுது, சுருதி அரைக் கட்டைக்கும் மேல ஏறிடும். சுருதி மட்டும் ஏறினா கூட பரவால்ல, ஆளோட குரலே மாறிடுது, கனம் போய்டுது, கமகம் மாதிரி வர்ற அந்த அசைவு வேகமா படபடன்னு அடிக்குது, மூச்சு எடுக்கற இடம் கூட அவசரமா தெரியுது. என் தள்ளுபடி சீடில ஓடின சின்னப் பையன் இதுதான்.

வீட்ல ஒரு பழைய கேஸியோ கீபோர்ட் இருக்கு, அதுல வச்சுப் பாத்தேன். புச்சினியோட டோஸ்கா ஓபரால வர்ற "எ லுச்சேவான் லே ஸ்டெல்லே", 1902ல அந்த ரூம்ல பாடினதுல ஒண்ணு, ஸ்கோர்ல, அதாவது அச்சடிச்ச ஸ்வரக் குறிப்புல, பி மைனர். என் பழைய சீடில அது சி மைனரையும் தாண்டி எங்கயோ கீபோர்ட்ல ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்கிட்டு இருந்துச்சு. நாக்ஸோஸ்ல அதே ரெக்கார்ட் நல்லா கீழ இறங்கி நிக்குது, இறங்கினதும் ஒரு பெரிய மனுஷன் பாடறாரு. சாகப்போறவன் பாடற பாட்டுங்க அது, விடிஞ்சா சுடப்போறாங்க, அவனுக்கு என்ன அவசரம்? என் ஃப்ரெண்ட் ஒருத்தர் கச்சேரிக்கு தம்புரா போடறவர், அவர்கிட்ட ரெண்டையும் போட்டுக் காமிச்சேன், ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டாரு.

ஸ்பீட எப்படிக் கண்டுபுடிக்கிறாங்கன்னா ஸ்கோர்ல இருக்கற சுருதிய வச்சுதான், ஆனா அதுலயும் சிக்கல் இருக்கு. பாடகர் தன் வசதிக்கு அரைக் கட்டை இறக்கிப் பாடியிருக்கலாம், அது அப்ப சகஜம். அந்தக் கால பியானோ சுருதியே ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதனால ஸ்கோர மட்டும் நம்பினா போதாது, குரல் மனுஷக் குரலா கேக்குதா, "ஆ" "ஓ" எல்லாம் இயல்பா விழுதான்னு காத வச்சுதான் முடிவு பண்ணணும். இதுக்கு சாஃப்ட்வேர்ல பட்டன் கிடையாது. கருஸோ குரல் சின்ன வயசுல லேசா இருந்து 1909ல தொண்டைல ஆபரேஷன் ஆகி, 1916க்கு மேல இருண்டு கனமா போச்சுன்னு சொல்வாங்களே, அது நிஜம்தான், ஆனா தப்பான ஸ்பீடுல கேட்டா இந்த வித்தியாசம் ரெண்டு மடங்கா தெரியும். இந்த சீரிஸ்ல வரிசையா கேக்குறப்ப அது ஒரே ஆளு மெதுவா வயசாகற மாதிரி இருக்கு, வேற வேற ஆளா இல்ல.

இப்ப இரைச்சல். நீங்க இத வாங்கிப் போட்டா மொதல் அஞ்சு செகண்ட்ல ஏமாந்துடுவீங்க, அதான் எச்சரிக்கை. கரகரன்னு எண்ணெய் கொதிக்கிற சத்தம் அப்படியே இருக்கு. டிக் டிக்னு அடிக்கிற கீறல் சத்தம் போயிடுச்சு, டம் டம்னு உருள்ற சத்தம் போயிடுச்சு, ஆனா "ஸ்ஸ்ஸ்" இருக்கு, மார்ஸ்டன் அத வேணும்னேதான் விட்டு வச்சிருக்காருன்னு கேட்டாலே புரியும். அந்த ரெக்கார்ட் எல்லாம் அரக்குல செஞ்சது, அரக்கு பெரும்பாலும் நம்ம நாட்டுக் காட்டுலேர்ந்துதான் போச்சு. அதுல கல்லுப்பொடி கலப்பாங்க, ஸ்டீல் ஊசி அந்தக் கோட்டுக்கு ஏத்த மாதிரி தேயணும்ல, அதுக்கு. அந்தக் கல்லுப்பொடிதான் இந்த இரைச்சல். ஆக இரைச்சல் மேல ஒட்டின தூசி இல்ல, பண்டத்துக்குள்ளயே இருக்கு. அரிசில கல் கிடந்தா பொறுக்கலாம், மாவுல மண்ணு கலந்துட்டா என்ன பண்றது? குரலோட மினுமினுப்பு இருக்கற அதே இடத்துல இந்த "ஸ்ஸ்ஸ்"ஸும் இருக்கு, ரொம்ப வழிச்சு எடுத்தா அந்த மினுமினுப்பும் கூடவே போயிடும், மிச்சம் இருக்கறது போர்வைக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கும். நெட்ல "ஏஐ ரீமாஸ்டர்"னு யார் யாரோ போட்டு வச்சிருக்கறதுல பலது இப்படித்தான் இருக்கு, இரைச்சலே இல்ல, ஆளும் இல்ல.

அதனால இரைச்சல குறைக்கிற வேலை கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுடணும். தேயாத நல்ல காப்பிய தேடிப் புடிக்கணும், அதுவே பாதி வேலை. அப்புறம் ஊசி, பழைய கோடுகளோட அகலம் ஒரே மாதிரி இருக்காது, சைஸ் சைஸா ஊசி மாத்திப் பாத்து கோட்டுல தேயாத பாகத்த தொடற ஊசி எதுன்னு கண்டுபுடிக்கணும். ரெண்டு நிமிஷம் காது பழகட்டும், அப்புறம் "ஸ்ஸ்ஸ்" ஒரு மழை சத்தம் மாதிரி பின்னாடி போய்டும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

கருஸோவ சரி பண்ண மத்தவங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க, அதையும் கேட்டேன். 1932ல அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனி விக்டர் பழைய ரெக்கார்ட ஓட விட்டு அது மேலயே புது ஆர்கெஸ்ட்ராவ வாசிக்க வச்சுது, பழைய ஆர்கெஸ்ட்ரா அடில முனகிக்கிட்டே இருக்கும். 2000 வாக்குல வியன்னா ரேடியோ ஆர்கெஸ்ட்ராவ வச்சு அதே ஐடியாவ டிஜிட்டல்ல பண்ணாங்க, டெக்னிக்கலா கெட்டிக்காரத்தனம்தான், எனக்கு என்னமோ கல்யாண ஆல்பத்துல தாத்தா ஃபோட்டோவ வெட்டி ஒட்டின மாதிரி இருந்துச்சு, ஸாரி.

ஸ்டாக்ஹாம் பண்ணது வேற ரகம், அத மரியாதையோடதான் சொல்லணும். தாமஸ் ஸ்டாக்ஹாம், யூட்டா யுனிவர்சிட்டி புரொபசர், டிஜிட்டல் ரெக்கார்டிங்குக்கே முன்னோடிகள்ல ஒருத்தர், அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் மாட்டின வாட்டர்கேட் ஊழல் டேப்புல 18½ நிமிஷம் காணாம போச்சே, அத ஆராய்ஞ்ச நிபுணர் குழுலயும் இருந்தவர். அவரோட யோசனை என்னன்னா, கருஸோ பாடற மாதிரி கேக்கறதுல பாதி கருஸோ, பாதி அந்தக் குழாய். குழாய் சில சுருதிய வீங்க வைக்கும், சிலத முழுங்கிடும், அதான் குடத்துக்குள்ள பாடற மாதிரி இருக்கு. குழாய் இப்ப கைல இல்ல, அளக்க முடியாது. அதனால அதே பாட்ட பிற்காலத்துல நல்ல மைக்ல வேற டெனர் பாடின ரெக்கார்ட எடுத்து, ரெண்டுக்கும் சராசரி பாத்து, வித்தியாசம்தான் குழாய்னு வச்சுக்கிட்டு அத கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக் கழிச்சாரு. 1976ல ஆர்சிஏ ரெக்கார்ட் கம்பெனி அத எல்பியா விட்டுது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல இத யோசிச்ச மண்டைக்கு ஒரு கும்பிடு. கேட்டா குரல் நிஜமாவே ஒரு அடி முன்னாடி வருது, குட சத்தம் குறையுது. ஆனா சில இடத்துல ஒரு வெறுமை தட்டுது, ஓரமெல்லாம் மழமழன்னு இருக்கு. ஒரு தடவ ஆச்சரியத்துக்கு கேப்பேன், தினமும் கேக்க மார்ஸ்டன்தான்.

குறை இல்லாம இல்ல. மொதல் வால்யூம்ல ஸோனோஃபோன் கம்பெனிக்குப் பாடினதும் 1903ல சிலிண்டர்ல (தட்டுக்கு பதிலா உருளை வடிவ ரெக்கார்ட்) பாடினதும் வருது, அது எல்லாம் ஆராய்ச்சிக்காரங்களுக்கு, எவ்ளோ நல்லா மாத்தியிருந்தாலும் என்னால ரெண்டாவது தடவ கேக்க முடியல. முழுத் தொகுப்புங்கறதால ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வரும், "வெஸ்தி லா ஜுப்பா" மட்டும் 1902, 1904, 1907ன்னு மூணு இருக்கு. ஸ்ட்ரீமிங்ல கேட்டா எது எந்த வருஷம்னு சில ஆப்ல காட்டவே மாட்டேங்குது, சீடி அட்டைல தேதியும் மேட்ரிக்ஸ் நம்பரும் (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் கம்பெனி குடுத்த அடையாள நம்பர்) தெளிவா இருக்கு, அதுக்காகவே ரெண்டு வால்யூம் சீடியா வாங்கினேன்.

புதுசா கேக்கறவங்க மொதல் வால்யூம்ல ஆரம்பிக்காதீங்க, நான் ஆரம்பிச்சேன்னு நீங்களும் பண்ணாதீங்க. 1907 "வெஸ்தி லா ஜுப்பா" இருக்கற வால்யூம எடுங்க, ஆர்கெஸ்ட்ராவோட பாடினது, கோமாளி அழுதுகிட்டே மேக்கப் போடற அந்தப் பாட்டுல சிரிப்ப அப்படியே அழுகையா திருப்பற இடம் ஒண்ணு வரும், "ஸ்ஸ்ஸ்" எல்லாம் அங்க காணாம போயிடும். அத கேட்டுட்டு 1902க்கு போங்க. அப்புறம் கடைசி வால்யூம்ல 1920 செப்டம்பர்ல அமெரிக்கால கேம்டன்ல பாடின ரோஸினியோட "குருசிஃபிக்ஸுஸ்", அதான் அவரோட கடைசி செஷன், ராத்திரில கேளுங்க.

காசு போடறதுக்கு முன்னாடி ஒப்பிட்டுப் பாக்கணும்னா அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட நேஷனல் ஜூக்பாக்ஸ்ல விக்டர் ரெக்கார்ட் எல்லாம் ஃப்ரீயா கிடக்கு, மேக்கப் இல்லாம. ஹெட்ஃபோன்ல ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ரொம்ப காஸ்ட்லி ஹெட்ஃபோன் வேணாம், இரைச்சலத்தான் இன்னும் தெளிவா காட்டும், நான் கடைசில சமையல்கட்டுல இருக்கற ஒத்த ஸ்பீக்கர் புளூடூத்லதான் கேக்கறேன், மோனோதானே.