தயிர் ஐஸ்: டப்பாவா, மிக்ஸியா, குச்சியா?

வீட்டில் தயிரை உறைய வைத்துச் சாப்பிட மூன்று வழிகள் இருக்கின்றன. தயிரை வடிகட்டி, இனிப்புச் சேர்த்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து அவ்வப்போது கிளறிவிடுவது ஒன்று. பழத்தை மட்டும் முதலில் உறைய வைத்து, சாப்பிடும் நேரத்தில் தயிரோடு மிக்ஸியில் அடிப்பது இன்னொன்று. தயிரையும் பழக்கூழையும் கலந்து அச்சில் ஊற்றிக் குச்சி சொருகுவது மூன்றாவது. எது நல்லது என்று கேட்டால், மதுரை மாதிரி ஊருக்கு மிக்ஸி வழிதான் என்பேன். மற்ற இரண்டும் வீண் என்று அர்த்தமில்லை. விருந்தாளி வரும் நாளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. ஆனால் சாதாரண வீட்டில், சாதாரண பிரிட்ஜில், சர்க்கரையைக் கொட்டாமல், வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி வேண்டுமென்றால் மிக்ஸிக்கு ஈடு இல்லை.

காரணம் தண்ணீர். தயிரில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதுதான் ஃப்ரீசரில் ஐஸாகிறது. ஐஸ்கிரீம் தயாரிக்கும் மெஷின் கலவையைச் சுழற்றிக்கொண்டே வேகமாகக் குளிர வைப்பதால் ஐஸ் துகள்கள் பொடியாகவே நின்றுவிடும், காற்றும் உள்ளே புகுந்து கலவை லேசாகும். வீட்டு ஃப்ரீசரில் எல்லாமே மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் துகள் பெரிதாக வளரும், நாக்கில் நறநறவென்று படும். இதைச் சமாளிக்க நம் கையில் இருப்பவை நான்குதான்: தண்ணீரைக் குறைக்கலாம், கொழுப்பைக் கூட்டலாம், சர்க்கரையைக் கூட்டலாம், கிளறலாம். சர்க்கரை உறைநிலையைக் கீழே இறக்குவதால் ஐஸ் இளக்கமாக இருக்கும். கடைகளில் இனிப்பு அள்ளிப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். உடம்புக்கு நல்லதாக வேண்டும் என்று வீட்டில் செய்பவர் முதலில் கைவைப்பதும் சர்க்கரையில்தான். அப்படிக் குறைத்தால் மற்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும்.

பாலைப் பொறுத்தவரை பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம் கொழுப்பு, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. நடுவில் உள்ளதே போதுமானது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் எருமைப் பால் கிடைக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி தோயும்.

பாலைவிட முக்கியம் புளிப்பு. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் உறை ஊற்றினால் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். ராத்திரி ஊற்றி மேடையிலேயே விட்டால் விடியும்போது சுள்ளென்று புளித்திருக்கும். மோருக்கு அது சரி, ஐஸுக்கு ஆகாது. குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும், அதனால் புளிப்பு தூக்கலாக நிற்கும். அதை அமுக்க இன்னும் ரெண்டு கரண்டி சர்க்கரை போடுவோம், ஆரோக்கியம் என்ற பேச்சே அங்கே முடிந்துவிடும். அதனால் காலையில் உறை ஊற்றுங்கள். பாத்திரத்தை லேசாகச் சாய்த்தால் தயிர் ஓடாமல் நிற்கிறதா, உடனே பிரிட்ஜுக்குள் தள்ளுங்கள்.

அப்புறம் வடிகட்டுவது. சோப்பு வாசம் துளியும் இல்லாத பழைய வேட்டித் துணி, ஒரு வடிதட்டு, அடியில் ஆழமான பாத்திரம், இவ்வளவுதான் தேவை. தயிரைத் துணியில் கொட்டி, நாலு முனையையும் மேலே மடித்து, ஒரு தட்டைக் கவிழ்த்து, பிரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்க விடுங்கள். குழாயில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் குளிர்காலத்துக்குச் சரி. வெயில் காலத்தில் வடிகிற நேரத்திலேயே புளித்துவிடும். காலையில் துணியைப் பிரித்தால், இழையின் தடம் மேலே பதிந்து, பாலாடைக்கட்டி போலத் திரண்டு நிற்கும். கீழே இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஒரு லிட்டர் பால் தயிருக்குக் கிட்டத்தட்ட பாதி எடைதான் மிஞ்சும், ஆனால் எடைக்கு எடை புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுண்ணாம்புச் சத்தில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. அதைக் கீழே கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் ஊற்றலாம்.

டப்பா வழிக்கு வடிதயிர் இல்லாமல் முடியாது. அரைக் கிலோ வடிதயிருக்கு 75 கிராம் சர்க்கரை, அல்லது கெட்டியாகக் காய்ச்சி மண் போக வடிகட்டி ஆறவைத்த கருப்பட்டிப் பாகு. கருப்பட்டியோடு ஒரு சிட்டிகை சுக்குத்தூள் சேர்த்தால் அந்த வாசம் தனி. நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எதுவானாலும் உடம்புக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். ருசிக்காக மாற்றுங்கள், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பி மாற்றாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

பிளாஸ்டிக் டப்பாவைவிட எவர்சில்வர் டப்பா நல்லது, வேகமாகக் குளிரும். ஆழமாக ரொப்பாமல் ரெண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து, ஓரத்தில் இறுகியதை முள்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது இந்த வேலை உண்டு. சங்கடம் இங்கேதான். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் குளிர் வெளியே போகிறது. சிங்கிள் டோர் பிரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி, ரெட்டைக் கதவு ஃப்ரீசர் போல மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது. கோடையில் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறியும் மீனும் அதே பெட்டியில் இருந்தால், மூடி இறுக்கமாக இல்லாத தயிர் அந்தக் கவிச்சையை அப்படியே இழுத்துக்கொள்ளும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் மொத்தமும் இளகிவிடும். இளகியதைத் திரும்ப உறைய வைத்தால் துகள் இன்னும் பெரிதாகும். குளிர்ச்சி போவதற்குள் லஸ்ஸியாகக் குடித்துவிடுவதே சரி. வெதுவெதுப்பாகிவிட்டால் அதையும் செய்ய வேண்டாம்.

இத்தனையும் தாண்டி நல்ல ஃப்ரீசர் இருந்து, பொறுமையும் இருந்தால், டப்பா ஐஸ் அருமையாக வரும். பத்துப் பேர் வருகிற நாளில் முந்தின நாளே செய்து வைக்க இதை விட்டால் வழியில்லை. பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், கரண்டி இறங்கும்.

மிக்ஸி வழியில் இந்தக் கிளறும் வேலையே கிடையாது. உறைவது பழம், ஐஸை உடைப்பது பிளேடு, அதுவும் சாப்பிடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால். துகள் மறுபடி வளர நேரமே இல்லை. பழத்தில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் நாம் சேர்க்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையே 12 கிராம் வரும். காபி, டீயிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறவர்களுக்கு, சர்க்கரை போடாத இனிப்பு ஒன்று கையில் இருப்பது பெரிய விஷயம். (சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.)

பழங்களில் முதலிடம் வாழைக்கு. உறைந்த வாழையை அடித்தால் அதுவே கிரீம் மாதிரி திரளும். அதிலும் சிறுமலை வாழை கிடைத்தால் விடாதீர்கள். மலையில் விளைகிற பழம், நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம், புவிசார் குறியீடும் வாங்கியது. தோல் கறுத்துப் புள்ளி விழுந்ததை மற்றவர்கள் ஒதுக்குவார்கள். நமக்கு வேண்டியது அதுதான். யானைக்கல் பக்கம் பழக்கடையில், “அக்கா, இது இன்னைக்கே சாப்பிடுறதுன்னா எடுங்க, நாளைக்குத் தாங்காது” என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கிற சீப்பை தயங்காமல் வாங்குங்கள். தோலுரித்து, வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்த பிறகு டப்பாவில் சேருங்கள். தோலோடு வைத்தால் பிறகு உரிக்கவே முடியாது.

மாம்பழக் காலத்தில் நத்தம், அழகர்கோவில் பக்கத்துத் தோப்புப் பழங்கள் வரும். நார் இல்லாத ரகமாகப் பாருங்கள், பங்கனபள்ளி நன்றாக இருக்கும். சப்போட்டா நிறத்தில் ஏமாற்றும், ருசியில் ஏமாற்றாது. அன்னாசியைப் பச்சையாகத் தயிரில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறிய பிறகு சேர்க்கலாம். பப்பாளிக்கும் அந்தக் குணம் உண்டு.

ரெண்டு பங்கு உறைந்த பழம், ஒரு பங்கு வடிதயிர். ஜாரையும் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடியில் தயிர், மேலே பழம். மாற்றிப் போட்டால் பிளேடு சுற்றாமல் மோட்டார் சூடேறும். விட்டு விட்டு ஓட்டி, நடுவில் நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதலில் மணல் மாதிரி உதிரும், திடீரென்று ஒன்றுசேர்ந்து பளபளவென்று சுழலும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். இன்னும் ஓட்டினால் மிக்ஸிச் சூட்டில் மில்க் ஷேக்காகிவிடும். மே மாத மத்தியானத்தில் கிண்ணத்தில் பத்து நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிட முடியாது, கல்லாகிவிடும். இந்த வழியின் குறை அதுதான். நாலு பேர் இருக்கும் வீட்டில் மிச்சமாகாது என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

குச்சி வழி எல்லாவற்றையும்விட எளிது. வடிகட்டாத தயிரே போதும். குச்சி ஐஸ் என்றால் நறுக்கென்று கடிபட வேண்டும், அதனால் ஐஸ் துகள் இங்கே குற்றமில்லை. கம்பம் பன்னீர் திராட்சை இதற்கென்றே பிறந்தது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த இந்தத் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கும். தண்ணீர் ஊற்றாமல் தோலோடு ஐந்து நிமிடம் சூடாக்கி, மசித்து, விதையை வடிகட்டினால் கருஞ்சிவப்புச் சாறு வரும். ஆறவைத்துத் தயிரோடு அரைகுறையாகக் கலந்து ஊற்றுங்கள், வரிவரியாக உறையும். அச்சு இல்லையென்றால் சின்ன டம்ளர் போதும். வெளியே எடுக்கும்போது டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் கழன்று வரும்.

கடையில் கிடைக்கும் கெட்டித் தயிர் கப் வடிகட்டும் வேலையை மிச்சப்படுத்தும், விலைதான் கூடுதல். வாங்கினால் எதுவும் சேர்க்காததை வாங்குங்கள். பழ வாசம் போட்ட கப்களில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள், முடிவு தானாக வரும்.

உறைந்த தயிரில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சம் சாகும், பெரும்பகுதி உறங்கிக் கிடந்து வெப்பம் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். மிக்ஸி வழியில் தயிர் உறைவதே இல்லை என்பதால் அந்தக் கவலையும் அங்கே இல்லை.