வீட்டு பிபி மெஷின்: மேல்கையில் கட்டுவதா, மணிக்கட்டில் கட்டுவதா?

டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தால், டாக்டர் அவசரமாக ஒரே தடவை பிபி பார்த்துவிட்டு மாத்திரை எழுதுகிறார். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார். வீட்டு மெஷின்கள் விற்பதற்கு இந்தக் கடுப்பும் ஒரு காரணம். டாக்டரைக் கண்டாலே சிலருக்கு பிபி ஏறும் என்பதும் உண்மைதான்.

மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை இதய மட்டத்திலிருந்து சற்று இறங்கினாலே கூடுதலாகக் காட்டும். மேல்கை மெஷினே சரி. ஆனால் கூடவே வரும் பட்டை பெரும்பாலும் 22–32 செ.மீ. சுற்றளவுக்கானது. கை அதைவிடப் பருமன் என்றால் இல்லாத பிபியைக் காட்டும். வாங்குமுன் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். துல்லியம் சோதிக்கப்பட்ட மெஷின்களின் சர்வதேசப் பட்டியலான 'ஸ்ட்ரைட் பிபி'யில் (STRIDE BP) அந்த மாடல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ளூடூத், ஆப் எல்லாம் வெறும் அலங்காரம்.

காபி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காலை, மாலை 1 நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு சராசரி எடுங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கின் 140/90க்குச் சமம்.

சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு இந்த அளவு நம்பகமில்லை. எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், இறங்கியதே மாத்திரையால்தான். 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.