ரத்தப் பையின் எண் வார்டோடு நின்றுவிட்டது

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி விடுமுறை ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. சித்திக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பை வந்ததும் இரண்டு நர்ஸ்கள் கட்டிலருகே நின்று, பை எண், குரூப், காலாவதித் தேதி, கிராஸ்மேட்ச் (கொடையாளர் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) சீட்டு என்று ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒத்துப் பார்த்தார். அதைவிட எனக்குப் பிடித்தது, "நீங்கதானே இன்னார்?" என்று கேட்காமல் "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டதுதான். சித்திக்குக் காது மந்தம், எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார்!

ஆனால் கிராஸ்மேட்சுக்கு எடுத்த சாம்பிள் டியூபில் பெயர் எழுதியது நர்ஸ் மேசைக்குப் போன பிறகு, அங்கே வேறு டியூப்களும் கிடந்தன. அந்த இடத்தில் மாறினால் அப்புறம் எத்தனை பேர் பையைச் சரிபார்த்தாலும் பிடிபடாது. நர்ஸிடம் சொன்னேன், "அதெல்லாம் மாறாது சார்" என்று சிரித்தார்.

இரண்டாவது யூனிட் தேவைப்படவில்லை. வார்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த அந்தப் பையை ரத்த வங்கி இருப்பில் சேர்க்க முடியாது என்றதும் சித்தப்பாவுக்குக் கோபம். அவர்கள் சொன்னது சரிதான். சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் இருக்க வேண்டியது, அரை மணிக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பச் சேர்ப்பதில்லை என்பது வழக்கமான விதி.

ரத்த வங்கியிலேயே பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் கொடுக்கும் ரத்தம் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிந்து மூன்று பேருக்குப் போகலாம். தொற்றின் ஆரம்ப நாட்களில் சோதனையில் எதுவும் தெரியாது, பிற்பாடு அந்தக் கொடையாளருக்கு எச்ஐவியோ ஹெபடைட்டிஸோ இருப்பது தெரிய வந்தால் மூன்று பேரையும் தேடிப் பிடிக்க பை எண்ணைத்தான் நம்ப வேண்டும். நான் இருப்பது ஐரோப்பிய ஒன்றிய நாடு, அங்கே யார் ரத்தம் யாருக்குப் போனது என்ற பதிவை 30 வருடம் வைத்திருக்கச் சட்டமே உண்டு. இங்கும் கொடையாளரிலிருந்து வார்டு வாசல் வரை எல்லாம் கணினியில் அழகாக இருந்தது. யாருக்கு ஏறியது, மீதி என்ன ஆனது என்று வார்டிலிருந்து சீட்டு திரும்பி வருவதுதான் அபூர்வமாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் "2 யூனிட் ஏற்றப்பட்டது" என்று இருக்கிறது. ஏறியது ஒன்றுதான், அதன் எண்ணும் இல்லை! அதைத் திருத்தி, பை எண்ணையும் எழுதி வாங்குவதற்குள் அரை நாள் போய்விட்டது.